கொல்லைக் குளவியல்: ஒரு முன்னோடி ஆய்வு

இந்தத் துறைக்குக் 'குளவியல்' என்று நான் பெயர் வைத்தபோது, "குளவியைப் பத்தியாடா எழுதுற?" என்று கேட்டாள் அக்கா. குளத்தைப் பற்றித்தான். அதிலும் வீட்டுக் கொல்லையில், தென்னைக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே, நீல டைல்ஸ் பதித்து, யாரும் இறங்காமல் கிடக்கும் குளத்தைப் பற்றி. கிணறு வெட்ட இடம் பார்ப்பதற்குக்கூட முன்னோர் கூவநூல் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கொல்லைக் குளத்துக்கு நூல் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பலமுறை பஸ் ஏறினேன். ஆய்வுச் செலவு அனைத்தும் என் வீட்டுக் கணக்கில் 'அக்காவைப் பார்க்கப் போனது' என்ற இனத்தில் வரும்.

ஆய்வுக் களம், மஞ்சக்குப்பத்தில் அக்கா வீடு. அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும். மாமா மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்தவர். அங்கே முதலாளி வீட்டுக் குளத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். ஊருக்குத் திரும்பியதும் மேஸ்திரியைக் கூப்பிட்டு 20 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அடி என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். "செப்டிக் டேங்கா சார்?" என்று மேஸ்திரி கேட்ட கேள்வி இன்றுவரை அந்த வீட்டில் யாரும் மறுபடி உச்சரிக்காத கேள்வி.

இனி இலக்கணம். குளிப்பதால் குளம் என்பர் ஒரு சாரார். குளிர்வதால் குளம் என்பர் மற்றொரு சாரார். இக்குளத்தில் எவரும் குளிப்பதில்லை ஆதலின் முன்னது பொருந்தாது. சித்திரை மதியத்தில் இதன் நீர் வெந்நீர் அண்டாவை ஒக்கும் ஆதலின் பின்னதும் பொருந்தாது. எனவே இஃது இடுகுறிப்பெயர் என்க. அற்றேல் 'நீச்சல்' என்னும் அடை எற்றுக்கு எனின், மாமாவின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நீட்டிப் படுத்து இரண்டு முறை கைவீசினால் எதிர்ச்சுவர் தலையில் இடிக்கும். எழுந்து நின்றால் தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே. ஆகவே இதில் நடக்கலாம், திரும்பலாம், மறுபடி நடக்கலாம். அடைமொழி சிறப்பு நோக்கி வந்தது. பொருள் நோக்கி வந்ததன்று.

நீந்தத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் வேறு பள்ளியில் படித்தவர்கள். இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி, கிணற்றில் தள்ளிவிட்டு, மேலே நின்று சித்தப்பா சிரிக்கும் பள்ளி அது. அதற்கு அடுத்த வகுப்பு பம்புசெட் தொட்டி. கடலூர் மாவட்டத்தின் உண்மையான நீச்சல் குளம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். டைல்ஸ் இல்லை, வடிகட்டி இல்லை, மருந்து இல்லை. ஒரு பக்கம் விழுகிற தண்ணீர் மறுபக்கம் கரும்புக்கோ நெல்லுக்கோ போய்க்கொண்டே இருப்பதால் பாசி பிடிக்க நேரமில்லை. மாமாவின் குளத்துத் தண்ணீர் எங்கும் போவதில்லை. அங்கேதான் பராமரிப்பு என்னும் தொல்லை பிறக்கிறது.

கணக்குப் பார்ப்போம். 800 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 22,650 லிட்டர். வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 90 லிட்டருக்கு மேல் போச்சு. அதாவது தினம் ஏழெட்டுக் குடம் தண்ணீரை மாமா வானத்துக்குத் தானம் செய்கிறார். அடுத்தது பிளீச்சிங் பவுடர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டுமானால் மொத்தம் 45 கிராம் வேண்டும். நல்ல பவுடரிலேயே மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 140 கிராம் போட வேண்டும்; ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். மாமா இதைக் காலையில் சாமி கும்பிட்டு, விபூதி பூசி, கிழக்கு நோக்கி நின்று தூவுவார். கிழக்கே சூரியன் அதற்காகவே காத்திருப்பான். நேர் வெயிலில் குளோரினின் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் அழிந்துபோகும். பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டியதைக் காலையில் போட்டு, மூன்றாம் நாள் தண்ணீர் பச்சை கட்டியதும், "பவுடர்ல கலப்படம்" என்று முடிவு செய்தார்.

குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் மருந்து கூடிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் கதை தலைகீழ். வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி. மருந்து போதவில்லை என்பதற்கு அடையாளம். மே மாத விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்து போன மறுநாள் நெடி அதிகம். காரணகாரியத்தை நான் நிறுவிவிட்டேன். பெயர் சொல்லி நிறுவ அக்கா விடவில்லை.

காரத்தன்மை (pH) 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டுமாம். அதைப் பார்க்க மாமா சென்னையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார்: சின்னக் குழாய், சிவப்புச் சொட்டு மருந்து, நிறம் ஒப்பிட ஓர் அட்டை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது ஆரத்திதானே" என்றாள். ஆய்வாளன் திடுக்கிட்ட இடம் இது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவப்பது காரம் ஏறுவதால்தான். 8-ஐத் தாண்டினால் மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும். ஒவ்வொரு கல்யாணத்திலும் வாசலில் வைத்து நாம் செய்துவருவது ஒரு வேதியியல் சோதனை. மாப்பிள்ளையின் காரத்தன்மை அதில் தெரியாது என்பது மட்டுமே குறை.

குளத்தைப் பார்த்துக்கொள்ள யாருக்குத் தகுதி? இதற்குச் சோழர் காலத்து விடை உத்தரமேரூரில் கல்லில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. வயது 35-க்கு மேல் 70-க்குள். சொந்த மனையில் வீடு. பதவி 360 நாள். மாமா இதுவரை தேறிவிடுகிறார். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஓலையில் பெயர் எழுதத் தகாதவன் என்ற விதியில்தான் வழுக்குகிறார். குளத்துக்கு ஆன செலவை அவர் அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. கணக்குக் காட்டாதவனின் உறவுக்காரர்களுக்கும் அதே தடை என்பதால் என் பெயரும் அடிபடுகிறது. அந்தப் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப் பெயரைத்தான் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் வீராணம் ஏரி சுமக்கிறது. 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. சென்னை அடுக்குமாடிக் குளங்களில் பராந்தகன் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். அது தனி ஆய்வு.

இலக்கியச் சான்றுகளுக்கு வருவோம். குளத்தில் தம்பதி சமேதராக இறங்கியதற்கு எங்கள் சிதம்பரத்திலேயே சான்று உண்டு. மண்பாண்டம் செய்த திருநீலகண்ட நாயனார், மனைவி கோபத்தில் இட்ட ஆணையால் ஒரே வீட்டில் தொடாமலே வாழ்ந்து கிழமானவர். சிவயோகி வந்து, மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் முழுகிச் சத்தியம் செய் என்றார். ஆணையை மீற முடியாமல் இருவரும் ஒரு மூங்கில் கழியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு முழுகினார்கள், எழுந்தபோது இளமை. இளமையாக்கினார் கோயில் என்று அந்தக் குளத்துக் கோயிலுக்குப் பெயரே அதனால்தான். இந்தச் சான்றை நான் விளக்கியபோது மாமா ஆர்வமாகக் கழி தேடினார். குளத்தில் விழும் தென்னம்பாளையை எடுக்க மேலே வலை கட்டிய ஒரு கழி இருந்தது. அக்கா அதன் மறுமுனையைப் பிடிக்கவில்லை. "முதல்ல கணக்கைக் காட்டுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது சான்று கடலூருடையது. இந்த ஆய்வின் உயிர்நிலையும் அதுவே. பல்லவ மன்னன் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறியச் செய்தான். கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்ந்தார் என்பது வரலாறு. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. கல்லே மிதந்த மண்ணில் கான்கிரீட் மிதக்குமா என்பது மாமாவுக்குக் குளம் கட்டும்போது தோன்றாத கேள்வி.

தோன்ற வேண்டியவருக்குத் தோன்றியது. அவர் எதிர்வீட்டுச் சார். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக வந்ததுதான் நெய்வேலி நிலக்கரியின் முதல் செய்தி என்பதால், "பள்ளம் தோண்டறப்ப ஜாக்கிரதை சார், என்ன வரும்னு தெரியாது" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். நெய்வேலியில் கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தோடு இருப்பது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்துத் தரை பொங்காமல் இருக்கும். "கீழ இருந்து தள்ளும் சார் தண்ணி. மழைக்காலத்துல மட்டும் உங்க குளத்தைக் காலியா வெச்சுடாதீங்க."

மாமா தலையாட்டினார். 2024 கார்த்திகையில் காலியாக வைத்தார்.

அவர் யோசனை எளியது. ஃபெஞ்சல் புயல் வருகிறது என்கிறார்கள். பச்சைத் தண்ணீரை இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தால் புயல் மழையே புதுத் தண்ணீரை ரொப்பிவிடும். இரண்டு லாரித் தண்ணீர் காசு மிச்சம். தெருத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று குளத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஏற்கெனவே சுவர் எழுப்பியிருந்தார். இங்கே ஒரு கணக்குப் பிழை. குளம் என்பது பெரிய மழைமானி. எத்தனை சென்டிமீட்டர் பெய்கிறதோ அத்தனை சென்டிமீட்டர்தான் ஏறும். 2015 நவம்பர் 9-இல் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒரு மழைக்கும் மாமாவின் குளம் ஒன்றரை அடிதான் நிறையும். 4 அடி என்பது 122 சென்டிமீட்டர். கடலூர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

நவம்பர் 30 இரவு. கரண்ட் மத்தியானமே போய்விட்டது. பார்ப்பது புயலையா குளத்தையா என்று தெரியாமல் நான் அங்கே மாட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, குளத்தின் விளிம்புக்கும் பக்கத்துச் சிமென்ட் தரைக்கும் நடுவே இருந்த கோடு ஒரு விரல் அகலம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் குளம் சற்றே நிமிர்ந்திருந்தது. உள்ளே முழங்காலுக்குக் கீழே மழைத் தண்ணீர். வெளியே கொல்லை முழுக்க அதைவிட அதிகம்.

எதிர்வீட்டுச் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு வந்தார். அந்த நிலையிலும் அவர் சொன்ன கணக்கு எனக்கு மறக்காது. ஆறங்குலக் கான்கிரீட்டில் தரையும் சுவரும் சேர்த்துக் குளத்தின் எடை சுமார் 16 டன். வெளி அளவு 21-க்கு 11. நிலத்தடி நீர் ஓர் அடி ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை ஆறரை டன். இரண்டரை அடி ஏறினாலே காலிக் குளம் படகு. ஆர்க்கிமிடீஸ் குளித்ததால் கண்டுபிடித்ததை மாமா குளிக்காமலே நிரூபித்திருந்தார்.

"ரொப்புங்க சார், உடனே ரொப்புங்க."

உலகத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து தண்ணீரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ராத்திரியில், நாங்கள் மூன்று பேர் பக்கெட் எடுத்துக் கொல்லை வெள்ளத்தை மொண்டு சுவருக்கு மேலே குளத்துக்குள் ஊற்றத் தொடங்கினோம். பக்கெட்டுக்கு 15 லிட்டர். முழுக்க நிரப்ப ஆயிரத்துக்கு மேல் பக்கெட். நூற்றிச் சொச்சத்தில் நான் எண்ணுவதை நிறுத்தினேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ, "என்னா மாமா, வெள்ளத்துக்குத் தண்ணி பத்தலையா?" என்றார்கள்.

எதிர்வீட்டுச் சாருக்கு வேறொரு சங்கடம். அவர் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். டீசல் எஞ்சின் வைத்துத் தெருவில் இறைத்தால், தெரு அதைத் திருப்பி வாசல் வழியாக அவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. குடையை மடக்கிவிட்டு எங்கள் குளத்தையும் தன் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனார். கொஞ்ச நேரத்தில் நீல நிற டியூப் தெருவைக் கடந்து, காம்பவுண்டு சுவர் ஏறி, எங்கள் கொல்லைக்குள் வந்தது.

எஞ்சின் தடதடக்க, அவர் வீட்டுக் கூடம் சேறும் சருகுமாக நீல டைல்ஸ் மேல் கொட்டியது. விரிசல் மெல்லக் குறுகுகிறதா என்று நான் விரலை வைத்துப் பார்த்தேன். அக்கா டியூபைப் பிடித்துக்கொண்டாள். மாமாவைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் பிளீச்சிங் பவுடர் டம்ளர்.

அக்கா டார்ச்சை எடுத்து நேராக அவர் முகத்தில் அடித்தாள். மாமா டம்ளரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, பக்கெட்டை எடுத்தார்.