'நைஸ்' நுழையாத வீடு

சிங்கப்பூரின் செம்பவாங்கில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதப்போகும் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் 'நைஸ்' நுழைய முடியாது. 'குட்', 'பிக்', 'ஹேப்பி' மூன்றுக்கும் அதே கதிதான். ஆங்கிலக் கட்டுரைக்குக் குறைந்தது 150 சொற்கள் வேண்டும். அதில் பாதியாவது பளபளக்க வேண்டும் என்பது அப்பாக்களின் கட்சி. பிராஸ் பாசாவில் வாங்கி வந்த பயிற்சி நூலில் ஒவ்வொரு பெயரடைக்கும் எதிரே ஒத்தசொற்கள் வரிசைகட்டி நிற்கும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடும்.

ஊரே அறிந்த மாமா 'நொட்டோரியஸ்' ஆகிவிடுவார். (அவருக்கும் பெருமைதான். எந்தக் கேடித்தனத்துக்கு என்று கேட்கத் தோன்றாது.) ஒல்லியான அத்தை 'ஸ்கின்னி'. எண்பது வயதுப் பாட்டி 'ஏன்ஷியன்ட்'. மாமல்லபுரத்துக் கோயிலோடு சேர்த்தாயிற்று.

பீட்டர் மார்க் ரோஷே 1852இல் தம் சொற்களஞ்சியத்தை வெளியிட்டபோது சொற்களைக் கூட்டங்கூட்டமாக அடுக்கினாரே தவிர பொருள் எழுதவில்லை. பொருள் தெரிந்தவர்தான் புரட்டுவார் என்று அந்த மருத்துவர் நம்பியிருக்க வேண்டும். செம்பவாங் அப்பாக்களை அவர் பார்த்ததில்லை.

பாவம் 'நைஸ்'! அறியாமையைக் குறித்த லத்தீன் சொல்லில் பிறந்து, 'முட்டாள்' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்து, நூற்றாண்டுக் கணக்கில் பாடுபட்டு நல்ல பெயர் வாங்கியது. நம் 'நாற்றம்' நறுமணமாக இருந்து கெட்டுப்போனது வேறு கதை.

ஒத்தசொற்களின் வேறுபாடு தெரிய அகராதிகூட வேண்டாம்; 2020இல் புதுப்பித்துத் திறந்த செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா போதும். ஊற்றுநீர் சுமார் 70 டிகிரி செல்சியஸ். முட்டை அவிக்கக் கூட்டம் நிற்கும். அதே நீர் தட்டுத்தட்டாக இறங்கி அடித்தட்டுக்கு வரும்போது சுமார் 40 டிகிரி. காலை நனைத்துக்கொண்டு அரட்டையடிக்கலாம். 'ஸ்கால்டிங்', 'ஹாட்', 'வார்ம்' மூன்றையும் ஒரே வரியில் அச்சடித்தவர் ஒருமுறை மேல்தட்டில் காலை வைத்துப் பார்த்திருக்கலாம்.

இத்தனைக்கும் சிங்கப்பூருக்கென்று சொந்தப் பெயரடைகள் உண்டு. 'கியாசு' 2007இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியில் ஏறியது, 'ஆகா, பிரமாதம்' என்னும் 'ஷியோக்' 2016இல். தேர்வுத்தாளில்தான் இன்னும் ஏறவில்லை. 2000இல் தொடங்கிய 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கும் பயிற்சி நூல் நம் பிள்ளையிடம் இல்லையே என்று தூக்கம் கெடும் அப்பாவைச் சொல்ல 'கியாசு'வை விட்டால் வேறு சொல் ஏது?

அந்த அப்பாவே காலையில் கோப்பிக்கடையில் 'கோப்பி ஓ சியூ தாய் பெங்' என்பார். பால் வேண்டாம், சீனி குறைவு, ஐஸ் வேண்டும். மூன்று அடைகளும் பெயருக்குப் பின்னால், வரிசை பிசகாமல். இதற்கு அவர் எந்தத் துணைப்பாட வகுப்புக்கும் போகவில்லை. சியூ தாய் கேட்டவரிடம் சீனியே இல்லாத கோசொங்கை நீட்டி, 'சேம் சேம் லா, அங்கிள்' என்று கடைக்காரர் சொல்லிப் பார்க்கட்டும்!