முட்டாத சாவி

வா மருமவனே, உக்காரு. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வாட்ச் நின்னு போச்சு, அதானே? ஒரு கார் வாங்குற காசைக் குடுத்து சுவிஸ் வாட்ச் வாங்கி, தெருவெல்லாம் மணி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. நின்னதும் மாமன் நெனப்பு வந்துட்டு. சந்தோசம். கோவில்பட்டி பஜார்ல ஒத்தக் கண்ணுல லென்ஸை இடுக்கிக்கிட்டு உக்காந்த காலத்துல, தானா நின்ன வாட்ச்சைவிட ஆளு நிப்பாட்டிக் கொண்டாந்த வாட்ச்சைத்தான் நெறையப் பாத்திருக்கேன். எதுக்குச் சொல்லுதேன்னா, மொதல்ல ஒன்னையத்தான் சோதிக்கணும்.

தெனமும் சாவி குடுக்கியா? எம்புட்டு? "முட்டுற வரைக்கும்." முட்டிச்சா? "முட்டலை மாமா, அதான் இன்னும் கொஞ்சம் குடுத்துப் பாத்தேன்." நல்ல பொறுமைக்காரன்தான். இதுல காவாசி உங்க அம்மைகிட்டக் காட்டியிருந்தா, எங்கக்கா தெனமும் ராத்திரி எனக்கு எதுக்குப் போன் போடப் போறா?

முட்டுற வரைக்கும் குடுன்னு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது உங்க தாத்தன். அவரு சொன்னதுல தப்பில்ல. அவரு கையில கெடந்தது எச்.எம்.டி ஜனதா. 1961-ல பெங்களூர்ல, ஜப்பான்காரன் சிட்டிசன் கம்பெனியைக் கூட்டுச் சேத்து வாட்ச் போட ஆரம்பிச்சாங்க பாரு, அந்தக் கம்பெனி. ஜனதா கைச்சாவி வாட்ச். உள்ள மெயின் ஸ்பிரிங்கோட வெளிமுனை, அதை அடைச்சு வச்ச டப்பாவோட சுவத்துல கொக்கி போட்டு நிக்கும். நெறஞ்சா முட்டும். அதோட விட்டுரணும்.

ஒன் கையில கெடக்கிறது ஆட்டோமேட்டிக். அதுல கொக்கி கெடையாது. ஸ்பிரிங் முனையில ஒரு பட்டை, டப்பாச் சுவத்தை நெருக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கும். நெறஞ்சதும் புடியை விட்டுக் கொஞ்சம் வழுக்கும், திரும்பப் புடிச்சுக்கிடும். அப்படி ஏன் வச்சான்? நீ கையை ஆட்டுற வரைக்கும் உள்ள ரோட்டர் முறுக்கிக்கிட்டே இருக்கும்லா, வழுக்காட்டி ஒண்ணு ஸ்பிரிங் போவும், இல்ல பல்லு போவும். இந்த வழுக்குற ஸ்பிரிங்குக்கு 1863-லயே காப்புரிமை வாங்கினவரு அட்ரியன் பிலிப். பட்டேக் பிலிப்புங்கிற பேருல பின்பாதி அவருதான். அந்த மனுசன் மெனக்கெட்டு முட்டாம இருக்க வழி பண்ணி வச்சிருக்காரு. நீ முட்டலையேன்னு காலங்காத்தால பெருவிரல் தேயத் தேய உருட்டிக்கிட்டு இருக்கே.

நின்ன வாட்ச்சைக் கெளப்ப 25 சுத்து போதும்னு ரோலெக்ஸ்காரனே சொல்லுதான். சுத்துன்னா முழுச் சுத்து. நீ விரலை ஒருக்கா உருட்டினா அரைச் சுத்துகூடத் தேறாது, அதையும் கணக்குல வச்சுக்கோ. முப்பது நாப்பது ஆனா ஸ்பிரிங் நெறஞ்சிரும். பெறவு கையில கட்டிக்கிட்டு வேலையைப் பாரு.

வேலைன்னதும் சிரிக்கே. அங்கதான் இருக்கு சூட்சுமம். வீட்டுல இருந்தே வேலைன்னு சொல்லிட்டு நாக்காலியில சாஞ்சிருக்கே. வலது கை மவுஸ்ல, இடது கை முறுக்குத் தட்டுல. முறுக்குத் தட்டுக்குப் போற கையிலயாவது வாட்ச்சைக் கட்டப்படாதா? ரோட்டருங்கிறது அரைவட்டத் தகடு, கை அசைஞ்சாத்தான் சுத்தும். அசையாத கையில கட்டினா ராத்திரியோட நிக்கத்தான் செய்யும். இதுக்குன்னே வாட்ச்சை வச்சுச் சுத்துற பெட்டி ஒண்ணு விக்கானாம். தானாச் சுத்துற வாட்ச்சைச் சுத்த விடுறதுக்கு கரண்டுல ஓடுற பெட்டி. அதுக்கும் ஒன் பேருல ஆர்டர் போயிருக்கும்னு நெனைக்கேன்.

குத்தம் கையிலயா வாட்ச்சுலயான்னு பாக்க ஒரு வழி இருக்கு. நாப்பது சுத்து குடு. மேசையில மல்லாக்க வையி. தொடாதே. எத்தனை மணிக்கு வச்சேன்னு எழுதிக்கோ. நெறைய சுவிஸ் வாட்ச்சுல கெடக்குற ஈடிஏ 2824 மெஷின்னா ஏறக்குறைய 38 மணி நேரம் ஓடணும். ஒன்னோடது எத்தனைன்னு கூட வந்த புத்தகத்துல போட்டிருப்பான், பிரிச்சே பாத்திருக்க மாட்டே. அந்தக் கணக்குக்கு ஓடிட்டா ஸ்பிரிங் நல்லாருக்கு. கோளாறு ரோட்டர் பக்கம், இல்லாட்டி நாக்காலி பக்கம். பாதியிலயே நின்னா, ஸ்பிரிங் பட்டை சீக்கிரமே வழுக்குது. டப்பாச் சுவத்துல அதுக்குன்னே பூசுற கிரீஸ் காஞ்சோ கரைஞ்சோ போயிருக்கும். நீ நூறு சுத்து குடுத்தாலும் ஏறுனது ஏறுனதுதான். சர்வீஸ்ல டப்பாவைத் தொறந்து பாக்கணும்.

இப்ப வாட்ச்சைக் கழட்டு, காதுகிட்ட வச்சுச் சாவியை உருட்டு. பின்னால உருட்டுறப்போ கிர்ர்ருங்குதா? அது பல்லு மேல பல்லு ஏறி எறங்குற சத்தம், பயப்படாதே. முன்னால உருட்டுறப்போ உள்ள விர்ருன்னு எதுவோ சுத்துதா? பின்பக்கம்தான் கண்ணாடி போட்டிருக்கே, பாரு. நீ சாவி குடுக்கக் குடுக்க ரோட்டரும் கூடவே பம்பரமாட்டம் ஆடினா, அதுதான் ஒன் வியாதி. சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறப்போ பெடல் சும்மா இருக்கணும். ஃப்ரீவீல் இறுகிட்டா பெடலும் சேந்து சுத்தி முழங்காலைப் பேக்கும்லா, அதே கதை. ரோட்டருக்கு அடியில அப்படி ரெண்டு சக்கரம் இருக்கு. அழுக்கு ஏறினாலும் சிக்கும், எண்ணெய் கூடினாலும் சிக்கும். வெவரம் தெரிஞ்சவன் அந்தச் சக்கரத்துக்குச் சொட்டு விட மாட்டான். மருந்துல முக்கி எடுத்து ஒணத்தி மாட்டுவான். சிக்குன சக்கரத்தோட தெனமும் சாவி குடுத்தா, ரோட்டர் பாரம் முழுக்க அந்தப் பொடிப் பல்லுல விழும். ஒண்ணு ஒடைஞ்சா அந்தத் துணுக்கு மெஷின் பூரா யாத்திரை போவும்.

சாவியை விட்டதும் அதுவாத் திரும்பி ஓடினா, பின்னால போவாமத் தடுக்குற நாக்குத் துண்டு போச்சு. எவ்வளவு உருட்டினாலும் கனமே ஏறாம, முள்ளும் அசையாம இருந்தா ஸ்பிரிங் அறுந்திருக்கும், இல்ல பல்லு தேஞ்சிருக்கும். ரெண்டுக்கும் வீட்டுல வைத்தியம் இல்ல.

சாவியை உள்ள திருகி மூடுற வாட்ச்சா? மறை போட்டதா? அப்ப அவசரப்படாதே. மொதல்ல மெதுவா அழுத்திக்கிட்டே எதிர்ப்பக்கமாத் திருகு. மறை மறையோட சேருற எடத்துல ஒரு சின்னக் குழியில எறங்குனாப்ல விரலுக்குத் தட்டுப்படும். அங்க நிறுத்தி, இப்ப மூடு. கோணலா ஏறினா பலத்தைக் காட்டாதே. இரும்புக்கு இரும்பு சளைக்காது, மறை வழிச்சிரும். பெறவு சாவி, குழாய் ரெண்டையும் மாத்தணும். தெனமும் தொறந்து தொறந்து மூடினா ரப்பர் வாஷரும் தேயும். வாஷர் தேஞ்ச வாட்ச்சோட நீ குத்தாலத்துல நின்னேன்னா கண்ணாடிக்கு உள்ளயும் சாரல் அடிக்கும். ஜான் ஹார்வுட்னு ஒரு இங்கிலீஷ்காரன், அவனும் வாட்ச் ரிப்பேர்காரன்தான். தூசியும் ஈரமும் இந்தச் சாவி ஓட்டை வழியாத்தான் உள்ள போவுதுன்னு கண்டுபுடிச்சு, ஓட்டையே வேண்டாம்னுட்டான். 1924-ல காப்புரிமை வாங்கின அவன் ஆட்டோமேட்டிக்ல சாவியே கெடையாது. மணி மாத்தக் கண்ணாடி விளிம்பைத் திருகணும். நீ அந்தக் காலத்துல இருந்திருந்தா, சாவியக் காணோம்னு போலீசுல எழுதிக் குடுத்திருப்பே.

சர்வீஸுக்குக் குடுக்கப் போறியா, அப்ப "ஓட மாட்டேங்குது"ன்னு மொட்டையாச் சொல்லாதே. எத்தனை மணி நேரம் ஓடிச்சு, சாவி குடுக்கிறப்போ ரோட்டர் சுத்துச்சா, மறை இறுக்கமா இருந்துச்சா, மூணையும் சொல்லு. தொறந்து மூடுனா வாஷரை மாத்தி தண்ணி டெஸ்ட்டும் போடச் சொல்லு. போடாம குடுத்தா வாங்காதே. தெனமும் சாவி குடுத்த கதையை மட்டும் நீயாச் சொல்ல வேண்டாம், தொறந்த ஒடனே அவனே கண்டுக்கிடுவான்.

ஆமா, அந்தப் பையில என்ன வச்சிருக்கே? காட்டு. அடப்பாவி, தேங்காண்ணெய் பாட்டிலு! சாவி எறுக்கமா இருக்குன்னு ஓரத்துல ரெண்டு சொட்டு விடலாம்னு பாத்தியாக்கும்? விட்டியா, இல்லையா? மொகத்தைப் பாத்தாத் தெரியுதே. சரி, பாட்டிலை இங்க வச்சுட்டுப் போ, மாமன் தலைக்காவது ஆகட்டும்.