உப்பரிப்பியல்: ஒரு மீன்தொட்டி ஸ்டாண்டை முன்வைத்து

மீன்தொட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மீனைப் பற்றிப் பேசுவார்கள். மிஞ்சினால் தண்ணீரைப் பற்றி. 300 கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு நிற்கும் ஸ்டாண்டைப் பற்றி வாய் திறந்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அந்த அநீதியைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம், கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலிருந்து ஆட்டோவில் போய்ச் சேரக்கூடிய ஒரு வாடகை வீட்டின் கூடம். ஆய்வுப் பொருள், நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி, அதைத் தாங்கிய தேக்கு ஸ்டாண்டு. தகவலாளர்கள் மூவர்: ஆசாரி, தண்ணீர் கேன் போடும் தம்பி, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட என் மனைவி. நிதி நல்கை கோரி மூன்றாம் தகவலாளரிடம் அளித்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கடல்நீர்த் தொட்டி உள்ள வீட்டில், கவனிக்காமல் விட்டால் ஸ்டாண்டின் விளிம்பெல்லாம் வெள்ளையாகிவிடும். காற்றுக் குமிழி மேலே வந்து உடையும்போது துளிகள் தெறிக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? கண்ணாடி விளிம்பில் உட்காரும். உட்கார்ந்த உப்பு ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்தின் வழியே இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் மரத்துக்கு இறங்கும். எங்கள் ஸ்டாண்டிலும் அதுதான் நடந்தது.

இதற்குப் பெயரிடுவதில் அறிஞரிடையே இரு பள்ளிகள் உண்டு. “உப்புப் பூத்திருக்கு” என்பது முதல் பள்ளி. அடியேன் அதைச் சேர்ந்தவன். பூத்தல் என்னும்போது யார் மேலும் குற்றமில்லை. மல்லிகை பூத்தால் யாரைக் கேட்பது? “உப்பரிச்சுப் போச்சு” என்பது இரண்டாம் பள்ளி; மூன்றாம் தகவலாளரின் தலைமையில் இயங்குவது. அரித்தல் என்றதுமே அரிபட்ட பொருள் ஒன்று, வேடிக்கை பார்த்தவன் ஒருவன் என்று வழக்கு உருவாகிவிடுகிறது. ஆசாரி வந்து உளி நுனியால் ஒரு மூலையைச் சுரண்டினார். பாலிஷ் பொரித்த அப்பளம்போல் எழும்பி வந்தது. அடியில் மரம் சாம்பல் பூத்து, நகம் அழுந்தும் பதத்தில் இருந்தது. “மேலே பூத்திருக்கு சார், உள்ளே அரிச்சிருக்கு” என்றார். இரு பள்ளிகளையும் ஒரே வரியில் இணைத்த இந்தக் கோட்பாட்டுக்கு அவர் தனியாகக் கூலி கேட்கவில்லை.

அடுத்து வருவது இவ்வாய்வின் மைய முரண். உப்பால் கெட்ட மரத்தைச் சரிசெய்ய ஆசாரி கேட்ட முதல் பொருள் உப்புத்தாள். 80-ஆம் நம்பரில் ஆறு, 120-ல் ஆறு, 220-ல் நாலு. உப்புத்தாளில் உப்பு கிடையாது என்பதை ஹார்டுவேர் கடையிலேயே நாக்கு நுனியால் சோதித்து உறுதிசெய்தேன். (கடைக்காரர் பார்த்த பார்வை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) ஒட்டியிருக்கும் மணிகள் உப்பைத் தூவியதுபோல் இருப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். ஆனால் ஆசாரி உடனே தேய்க்க உட்காரவில்லை. நல்ல தண்ணீரில் துணியை நனைத்து மூன்று முறை துடைத்தார். மொட்டைமாடி நிழலில் நாலு நாள் காயப்போட்டார். கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றின் ஈரத்தை விடாமல் உறிஞ்சும் சரக்கு அது. மரத்துக்குள் தங்கிவிட்டால் மேலே போடும் பாலிஷ் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி எழும்பும். இதையெல்லாம் அவருக்கு விரிவாக விளக்கினேன். “உப்பு இருந்தா பிடிக்காது சார்” என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எனக்கு அரக்கு பாலிஷ் மேல் ஆசை. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் அந்த மினுமினுப்பு வேறெதிலும் வராது. ஆனால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். ஆகவே பாலியூரித்தேன், ஆசாரிகள் மொழியில் பியூ. மூன்று கோட், நடுநடுவே 220-ல் லேசாக ஒரு தேய்ப்பு. அடிப்பக்கத்துக்கும் அடிக்கச் சொன்னேன். “யாரு சார் குனிஞ்சு பார்க்கப் போறா?” என்றார். உப்பு பார்க்கும். கீல் விஷயத்திலும் மோதல். அழகுக்குப் பித்தளை என்றார் அவர். கதவுக்குள்ளேதான் வடிகட்டித் தொட்டி இருக்கிறது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. களிம்பு கரைந்து தண்ணீரில் சேர்ந்தால் மீன் ஒருவேளை தாங்கும், இறாலும் நத்தையும் தாங்காது. எவர்சில்வர் கீல் வந்தது.

தொட்டியை ஏற்றுமுன் ரசமட்டம் வைத்தோம். குமிழி இடப்பக்கம் ஓடியது. வீட்டுக்காரரின் தரை கோணலா, ஆசாரியின் வேலை கோணலா என்ற விவாதத்தை ஆசாரியே ஓர் ஆப்பைச் செருகி முடித்துவைத்தார். ஆப்பு வைக்கப்பட்டதால் நன்மை விளைந்ததாக என் வாழ்வில் பதிவான ஒரே சந்தர்ப்பம் இது. ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல், அதன் மேல் தொட்டி.

இனி நீர். ஊடலுக்கு உப்பை உவமை சொன்னவர் வள்ளுவர். அளவோடு இருந்தால் சுவை, கொஞ்சம் மிஞ்சினால் கெட்டது என்பது அவர் கட்சி. அளவு எத்தனை என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த ஆய்வு இடைவெளியை நாம் நிரப்புவோம்: ஒப்படர்த்தி 1.025. லிட்டருக்குச் சுமார் 35 கிராம். எங்கள் தொட்டிக்கு 8 கிலோ சொச்சம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் மாநிலத்தில், தூத்துக்குடியை வைத்துக்கொண்டு, வாளியில் அடைத்து வரும் வெளிநாட்டு உப்பு எதற்கு என்று மூன்றாம் தகவலாளர் கேட்டார். நியாயமான வினா. உப்பளத்தில் உப்பு படிகமாகும்போது மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் மிச்சத் தண்ணீரோடு போய்விடுகின்றன. சாம்பாருக்கு அது நல்லது. மீனுக்கு அவையும் வேண்டும். அப்படியானால் மெரினாவிலேயே பிடித்து வரலாமே என்றார். கூவம் எங்கே போய்க் கலக்கிறது என்பதை நினைவூட்டினேன்.

12 கேன் தண்ணீரில் தொட்டி நிரம்பியது. மீன் இல்லை. நாலு வாரம் முதல் ஆறு வாரம் வரை இருக்கவும் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் முதலில் குடியேற வேண்டும். அவற்றுக்குச் சீர்வரிசையாக ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட்டேன். ஃபிரிட்ஜில் இறால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது அன்றிரவே கண்டுபிடிக்கப்பட்டது. வருகிறவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்து “மீன் எங்கே?” என்றார்கள். பாக்டீரியா வளர்க்கிறேன் என்று சொன்னதும் காபிக்கு நிற்காமல் போனார்கள்.

ஆறாவது வாரம் இரண்டு கோமாளி மீன் வந்தன. கடையில் கடல்குதிரை, பவளம் என்று யாராவது காதோடு கிசுகிசுத்தால் ஓடிவந்துவிட வேண்டும். 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை 2001-ல் சேர்க்கப்பட்டன. கோமாளி மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளைக்குக் கைவந்திருக்கிறது. ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறிப் பொறுப்பேற்கும். இந்தத் தரவை அடிக்கோடிடும்படி மூன்றாம் தகவலாளர் கேட்டுக்கொண்டார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பதை நாம் குற்றவாளிகளுக்கே சொல்லிவந்திருக்கிறோம். உயிரியல்படி அது கடல்மீனுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யாருக்கும் பொருந்தாது. சுற்றியுள்ள நீர் மீனின் ரத்தத்தைவிட உப்பு மிகுந்தது; ஆகவே உடம்பின் தண்ணீர் செவுள் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், கூட வந்த உப்பைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டும் இருக்கும். ஏரி மீனுக்கு இந்தக் கஷ்டமில்லை; தண்ணீர் தானாக உள்ளே புகும், அதைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மே மாதம். சூடு தணிய மின்விசிறியைத் தொட்டிமேல் திருப்பி வைத்திருந்தேன். தண்ணீர் மளமளவென்று ஆவியானது. உப்பு அங்கேயே நிற்பதால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கேன் தம்பி நாலு நாளில் மூன்றாவது முறையாகப் படியேறி வந்து மூச்சு வாங்கினான்.

“மூணு பேர் வீட்டுல இவ்ளோ தண்ணி யாரு சார் குடிக்கிறா?”

“மீன் குடிக்குது தம்பி.”

அவன் தொட்டிக்குள் பார்த்தான். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு. திரும்பி என்னைப் பார்த்தான். “ஒரு காலி கேன் குறையுது சார்” என்றான்.

அது ஸ்டாண்டுக்குள் இருந்தது. எடுக்கக் குனிந்தபோது கதவின் உள்விளிம்பில், புதுக் கீலை ஒட்டி, மெல்லிசாக வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. பூத்திருந்தது என்றே பதிவுசெய்கிறேன்.