ஆறிய குரலுக்கு அனுமதி உண்டு

அனுப்புநர்:
அமீரகம் வந்துபோகும் பயணிகள் சார்பில் ஒருவன்.

பெறுநர்:
தொலைத்தொடர்பு மற்றும் டிஜிட்டல் அரசு ஒழுங்குமுறை ஆணையம்,
ஐக்கிய அரபு அமீரகம்.

பொருள்: அம்மாவிடம் பேச அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஓட்டுநர் இல்லாமல் மெட்ரோ ரயில் ஓடும் ஊர் துபாய். குரல் இல்லாமல் வாட்ஸாப் அழைப்பு ஓடுவதையும் அந்தச் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். ஊரிலிருந்து அம்மா கூப்பிடுகிறார். மணி அடிக்கிறது. எடுத்தால் 'கனெக்டிங்' என்கிறது திரை. சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் அம்மா 'ஹலோ, ஹலோ' என்கிறார். இந்தப் பக்கம் பிள்ளையும் 'ஹலோ, ஹலோ' என்கிறான். இருவரும் சொன்னது ஒன்றேதான் என்பதால் செய்தி எதுவும் விடுபட்டுப்போகவில்லை.

இணையவழி அழைப்பை உரிமம் பெற்றவர்கள் மட்டுமே நடத்தலாம் என்பது உங்கள் விதி. அதனால் வாட்ஸாப்பில் எழுத்து வரும், படம் வரும், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ வரும், சித்தப்பா அனுப்பும் மூலிகை வைத்தியம் வரும். அழைப்பில் குரல் மட்டும் வராது. எதைத் தடுத்தால் மக்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று எங்களைக் கேட்டிருந்தால், வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்போம்.

குரல் பதிவுக்குத் தடை இல்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். அதாவது சூடான குரல் கூடாது. ஆறிய குரல் கூடும். எங்கள் பாட்டிகளுக்குத்தான் இந்த நுட்பம் பிடிபடவில்லை. பொத்தானை அமுக்கி, "ஏய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். பின்னால் மிக்சி ஓடுகிறது. காக்கை கரைகிறது. "பேச மாட்டேங்கிறானே" என்று பக்கத்தில் யாரிடமோ குறைப்பட்டுக்கொள்வதோடு பதிவு முடிகிறது. நம் கடிகாரத்தைவிட ஊர்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 'சாப்பிட்டேன்' என்ற பதில் போய்ச் சேரும்போது பாட்டி தூங்கியிருப்பார்.

போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இங்கேயே குடியிருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது. பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு? செயலி அவனிடம் இருந்தால் மட்டும் போதாது, மறுமுனையிலும் வேண்டும். பச்சைப் பொத்தானைப் பழகவே பாட்டிக்கு இரண்டு வருடமானது. இன்னொரு பொத்தான் பழகுவதற்குள் விசா முடிந்துவிடும்.

இன்னொரு விந்தை. ஊர் சிம்மில் ரோமிங் போட்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய டேட்டா சொந்த நாட்டு நிறுவனத்துக்குப் போய், அங்கேதான் இணையத்தில் இறங்குகிறது. உங்கள் சல்லடை அதைத் தொடுவதில்லை. ஆக ஒரே ஹோட்டல் அறையில், ரோமிங்குக்குக் காசு கட்டியவர் அம்மாவிடம் பேசுகிறார். ஹோட்டல் வைஃபையை நம்பியவர் குரல் பதிவு அனுப்புகிறார். அழைப்பில் ஆபத்து இருக்கிறதென்றால் அது இரண்டு கட்டிலுக்கும் பொதுதானே, ஐயா?

தடையைத் தாண்ட வி.பி.என். இருக்கிறதே என்று யாராவது கிசுகிசுத்தால் காதைப் பொத்திக்கொள்கிறோம். குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், சிறையும் உண்டு என்கிறது உங்கள் சட்டம். குறைந்தபட்சத் தொகையே ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 'மூட்டுவலி எப்படி இருக்கு' என்று கேட்க அவ்வளவு செலவழிக்கும் பிள்ளையை எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் பெறவில்லை.

உங்களால் முடியாததில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, வீட்டிலிருந்தே படிக்கவும் வேலை பார்க்கவும் ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றைத் திறந்துவிட்டீர்கள். மேலாளரின் முகத்தை நேரலையில் பார்ப்பதற்கு இருக்கும் அனுமதி, அம்மாவின் முகத்துக்கும் வேண்டும் என்கிறோம். இல்லையென்றால் அம்மாவையே மீட்டிங்குக்கு அழைக்க வேண்டியதுதான். நிகழ்ச்சி நிரல்: சாப்பாடு, சர்க்கரை அளவு, பெண் பார்த்த விவரம்.

விண்வெளி விஷயத்தில் உங்களை மிஞ்ச முடியாது. 2023-இல் உங்கள் விண்வெளி வீரர் சுல்தான் அல் நெயாதி ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் தங்கி, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து உங்கள் மக்களோடு நேரலையில் பேசினார். உங்கள் ஹோப் விண்கலம் 2021 பிப்ரவரி 9 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்து சேதி அனுப்பியது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயோடு பேச முடிந்த நாட்டில், செவ்வாய்க்கிழமை அம்மாவோடு பேச முடிவதில்லை.

எங்கள் நாட்டைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதுவீர்கள். எழுதுங்கள், நியாயம்தான். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தையே நிறுத்திய நாடு எங்களுடையது. நீங்கள் செவ்வாயைத் தொடுவதற்கு நான்கு நாள் முன்புதான் அங்கே 4ஜி திரும்பியது. நீங்கள் ஒரு ஜன்னலைச் சாத்தினீர்கள். நாங்கள் வீட்டையே பூட்டினோம். எனவே இந்தக் கடிதத்தின் நகலை டெல்லிக்கும் அனுப்புகிறோம்.

கேட்பது பெரிதல்ல. வருகையாளர் விசா உள்ளவருக்கு அது முடியும்வரை வாட்ஸாப் அழைப்பைத் திறந்துவிடுங்கள். காசு வேண்டுமென்றால் விசாக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் திறக்கும்போது கதவைக் கொஞ்சம் அகலமாகவே திறந்தால் நல்லது. பயணிக்கு இது பத்து நாள் அசௌகரியம். ஊருக்குப் போய்ச் சிரித்துச் சொல்ல ஒரு கதை. துபாயின் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் காத்திருப்பவனுக்கு இது பல வருட வாழ்க்கை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
'கனெக்டிங்'கில் இருக்கும் ஒருவன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் குரல் பதிவாகவும் அனுப்பியிருக்கிறேன். அதற்குத் தடை இல்லை.