வேடம் கட்டிய ஊர்

திரைப்படத்தில் கண்ட இடத்தை நேரில் தேடிச் சென்று, ஒளிப்பதிவாளர் நின்ற அதே புள்ளியில் நின்று, அதே காட்சியைத் தன் சொந்தக் கருவியில் மீண்டும் பதிவு செய்யும் பழக்கம், பக்தியும் ஆராய்ச்சியும் வீண்செலவும் சம அளவில் கலந்த ஒரு கலையாகும். ஜப்பானியர் இதனை, புனிதத் தலங்களைச் சுற்றிவருதல் என்று பொருள்படும் 'செய்ச்சி ஜுன்ரே' என்னும் பெயரால் அழைக்கின்றனர். அசைவூட்டப் படங்களில் வரையப்பட்ட படிக்கட்டையும் ரயில் நிலையத்தையும் தேடிப் போவோர்க்குக் கோயில் யாத்திரையின் பெயரையே சூட்டிய அளவில் அவர்கள் நேர்மையானவர்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்து வாசலில் உள்ள 72 படிகளில், 'ராக்கி' படத்துக் குத்துச்சண்டை வீரனைப் போல ஓடி ஏறி, உச்சியில் இரு கைகளையும் உயர்த்தி, உள்ளே இருக்கும் ஓவியங்களில் ஒன்றையும் பாராமல் மூச்சுவாங்கத் திரும்புவோர் இன்றும் பலர். தமிழில் இப்பழக்கத்துக்கு நிலைத்த பெயர் இல்லாமையால், இக்கட்டுரையில் இது 'இடவேட்டை' என்றும், இதில் ஈடுபடுவோர் 'இடவேட்டையர்' என்றும் குறிக்கப்படுவர்.

பெயர் இல்லையேனும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கொடைக்கானலில் 'பிசாசின் சமையலறை' என்று அழைக்கப்பட்டுவந்த குகை, 1991இல் கமல்ஹாசன் நடித்த 'குணா' வெளிவந்த பிறகு 'குணா குகை' என்றே ஆகிவிட்டது. 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் அப்பெயரை இன்னொரு தலைமுறைக்கும் கொண்டுசேர்த்தது. பிசாசைக்கூடத் தன் சமையலறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றல் தமிழ்த் திரைக்கு உண்டு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. எனினும் இடவேட்டையர் எப்போதும் சரியான ஊருக்குப் போய்ச் சேர்வதில்லை. தமிழ்ச் சினிமாவைக் கிராமத்துக்குக் கொண்டுபோன படம் என்று போற்றப்படும் பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977), கர்நாடகத்தின் கொள்ளேகால், மைசூர் வட்டாரங்களில் எடுக்கப்பட்டது. தமிழ் மண்வாசனையைத் தேடிப் புறப்படுபவர் ஈற்றில் கன்னடப் பலகைகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டியவராகிறார்.

ஓரிடம் வேறோரிடமாக நடிப்பதற்குத் திரைக்கலையில் கோட்பாடே உண்டு. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாஸ்கோ தெருவில் நடக்கும் இருவரின் காட்சித் துண்டுகளோடு அமெரிக்க வெள்ளை மாளிகையின் துண்டு ஒன்றையும் ஒட்டி, அவ்விருவரும் ஒரே நடையில் அம்மாளிகையை அடைந்துவிட்டதாகப் பார்ப்பவரை நம்பவைத்தார். 'படைப்புப் புவியியல்' என்று வழங்கப்படும் இம்முறையின்படி, உலகில் இல்லாத ஊரைக் கத்தரிக்கோலால் உண்டாக்க முடியும். அவ்வாறு உண்டாக்கப்பட்ட ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்க முயல்பவரே இடவேட்டையர்.

இவ்வேட்டைக்கு இலக்கணம் வேண்டுமாயின் தொல்காப்பியத்துக்கு அப்பால் தேட வேண்டியதில்லை. அந்நூல் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்கிறது. இடவேட்டையர் தேடுவனவும் இவ்விரண்டே: படம்பிடிக்கப்பட்ட நிலம், படம்பிடிக்கப்பட்ட பொழுது. கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய மரம், பறவை, உணவு முதலியவை. இக்காலத்தில் சட்டகத்துக்குள், அதாவது படக்கருவி காட்டும் நாற்கோணப் பரப்புக்குள், அழைக்காமல் வந்து நிற்கும் மின்கம்பி, விளம்பரப் பலகை, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றையும் இதில் அடக்கலாம். உரிப்பொருள் என்பது உணர்வு. காடியில், அதாவது காரில், காத்திருக்கும் இடவேட்டையரின் மனைவியின்பால் முதலில் தோன்றுவது முல்லைக்குரிய இருத்தல். அரைமணி நேரத்துக்குப் பின் அதுவே மருதத்துக்குரிய ஊடலாக மாறும்.

இப்பின்னணியில் ஆராயத்தக்கவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தாமான் ஒன்றில் வசிக்கும் இடவேட்டையர் ஒருவர். தாமான் என்பது ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. அவருடைய பெயரை வெளியிடுவதால் கலையுலகுக்கு நன்மை எதுவும் இல்லை. அவருக்கும் இக்கட்டுரையை எழுதியவருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி பொருந்தும் என்பதைக் குறித்தால் போதும். அவர் வாழும் ஊரின் பெயரே இவ்வாராய்ச்சிக்கு வாய்ப்பாக அமைந்துள்ளது. மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சந்தி. 'பூலாய்' என்பது ஏழிலைப்பாலை இனத்து மரம். ஆகவே ஊரின் பெயரைப் பாலைச் சந்தி என்று தமிழாக்கலாம். பாலைத் திணைக்குப் பெயர் தந்தது இம்மரமா வேறொன்றா என்று வாதிடுவோர் உண்டு. நமது இடவேட்டையர்க்கு அவ்வாதம் பொருட்டன்று. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்றும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவம் கொள்ளும் என்றும் சிலப்பதிகாரம் கூறுவதே அவருக்குப் பொருட்டு. ஒரு நிலம் இன்னொரு நிலமாக வேடம் கட்டுவதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது.

பேராக் மாநிலம் திரையில் செய்துவந்ததும் இதுவே. ஜோடி ஃபாஸ்டரும் சோ யுன்-ஃபாட்டும் நடித்த 'அன்னா அண்ட் த கிங்' (1999) சயாம் மன்னரின் கதை. தாய்லாந்து தன் மண்ணில் படம்பிடிக்க இசைவு தராமையால், ஈப்போவும் அதன் சுற்றுப்புறமும் சயாமாக நடித்தன. ஆங் லீ இயக்கி, 2007இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற 'லஸ்ட், காஷன்' படத்தில், ஈப்போவும் பினாங்கும் போர்க்கால ஹாங்காங்கின் வேடத்தை ஏற்றன. இரண்டு படங்களிலும் ஈப்போ குறைசொல்ல முடியாதபடி நடித்தது. ஆனால் துணை நடிகர்க்கு நேர்வதே அதற்கும் நேர்ந்தது, யாரும் அதன் பெயரைக் கேட்கவில்லை.

சிம்பாங் பூலாயிலிருந்து எட்டும் தொலைவில், பத்து காஜா சாலையோரம் நிற்கும் கெல்லிஸ் காசல் என்னும் மாளிகை, இவ்வட்டார நடிகர்களுள் முதன்மையானது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பொருள் ஈட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் இதனைக் கட்டத் தொடங்கினார். வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். மின்தூக்கிக்கென உயர்ந்த கூடு ஒன்று எழுப்பப்பட்டது. மின்தூக்கி வந்து சேரும் முன்பே, 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு அவர் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவில்லை. குடியேற ஆள் இல்லாமல், பார்க்க மட்டும் கம்பீரமாக நிற்கும் கட்டடத்துக்குத் திரையுலகில் 'செட்' என்று பெயர். அவ்வகையில் கெல்லி ஸ்மித், படப்பிடிப்புக் குழுக்கள் வருவதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்பே அவர்களுக்கான வேலையை முடித்துவைத்தார் எனலாம். 'அன்னா அண்ட் த கிங்' குழுவினர் இம்மாளிகையைப் பயன்படுத்திக்கொண்டனர்.

நமது இடவேட்டையர் இம்மாளிகையின் முன் பணிபுரியும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் கைப்பேசி ஒன்றில் படத்தின் அசைவற்ற காட்சியை நிறுத்தி, அதனை இடக்கையில் முகத்துக்கு நேரே பிடித்து, வலக்கையில் இன்னொரு கைப்பேசியால் படம்பிடிப்பார். இரண்டு சட்டகங்களின் சன்னல் விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகர்வார். இங்கே வில்லையின் குவியத்தூரம் பகையாக நிற்கிறது. குவியத்தூரம் மிகுந்த சினிமா வில்லையை வைத்துத் தொலைவில் நின்று எடுத்தால், பின்னால் உள்ள குன்று கட்டடத்தின் தோள்மேல் ஏறி அமர்ந்தாற்போலத் தெரியும். கைப்பேசியின் அகன்ற வில்லையில் அதே குன்று, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளியைப் போலத் தொலைவில் ஒதுங்கிவிடும். எனவே பின்னோக்கி நடந்து, பின் காட்சியைப் பெரிதாக்க வேண்டும். பின்னோக்கி நடப்பவர்க்குப் பின்னால் கண் இல்லாமையாலும், மலேசியச் சாலையோரங்களில் லோங்காங் என்னும் திறந்த வடிகால் தவறாமல் இருப்பதாலும், ஒரு காட்சிக்குச் சராசரியாக ஒரு செருப்பு செலவாகிறது.

வேட்டையின்போது எதிர்ப்படும் பொதுமக்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் அவரை நிலம் அளக்க வந்தவராகக் கொள்வர். "என்னாண்ணே, ரோடு போடப் போறாங்களா? எங்க வீடு தப்புமா?" என்பது இவர்களின் வினா. தோட்டத்து லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு இடிபட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த தலைமுறையினர் அளவுகோலையும் முக்காலியையும் கண்டு அஞ்சுவது இயல்பே என்பதால், இவ்வினாவுக்கு விடைசொல்லும்போது மட்டும் இடவேட்டையரின் குரல் தணியும். இரண்டாம் வகையினர் அவரைத் தொலைக்காட்சிக்காரராகக் கருதித் தலையை வாரிக்கொண்டு சட்டகத்துக்குள் நுழைவர். மூன்றாம் வகையினர் உண்மையைக் கேட்டறிந்து, "படத்துலதான் ஏற்கெனவே நல்லா எடுத்துட்டாங்களே, மறுபடி எதுக்குண்ணே?" என்பர். இக்கலையின் வரலாற்றில் இவ்வினாவுக்கு இதுவரை விடை இல்லை.

நிலம் ஒருவாறு கிடைத்தாலும் பொழுது கிடைப்பதில்லை. எம்.ஜி.ஆர். 1970இல் ஒசாக்கா உலகக் கண்காட்சியில் படம்பிடித்த 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) காட்சிகளைத் தேடி இன்று அங்கே செல்பவர், அரங்குகள் அகன்று பூங்காவாகிவிட்ட இடத்தில் சூரியக் கோபுரம் நிற்பதைக் கண்டு ஆறுதல் கொள்ளலாம். பேராக்கில் அத்தகைய ஆறுதலும் குறைவு. பால்வெட்டுத் தீம்பாராக, அதாவது கித்தா மரங்கள் அணிவகுத்த வெட்டுக்காடாக இருந்த பரப்புகளில் பெரும்பகுதி இன்று செம்பனை. நெடிய தண்டுகளுக்கு இடையே சாய்ந்து விழுந்த வெயில், ஓலைகளின் அடர்நிழலாக மாறிவிட்டது. மலையாவது அசையாது என்று நம்பினால், சிம்பாங் பூலாய்ச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் குன்றுகளே கல்லுடைப்பில் கரைந்து லாரியேறுகின்றன. பழைய சட்டகத்தில் உள்ள குன்றின் விளிம்பும் புதிய சட்டகத்தில் உள்ள விளிம்பும் பொருந்தாதபோது, பிழை வில்லையில் உள்ளதா மலையில் உள்ளதா என்று ஐயுறும் நிலை உலகில் வேறெந்த இடவேட்டையர்க்கும் எளிதில் வாய்ப்பதன்று.

இவ்வட்டாரம் தன் சொந்தப் பெயரில் நடித்த படங்களும் உண்டு. யாஸ்மின் அகமட் இயக்கிய 'செப்பெட்' (2004) ஈப்போவை ஈப்போவாகவே காட்டியது. அவருடைய 'டேலண்டைம்' (2009) படத்தில் தமிழ்க் குடும்பத்துச் செவித்திறனற்ற இளைஞன் மகேஷ் கதையின் நடுவே நிற்கிறான். தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழரின் வாழ்வைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), மலேசியத் திரைப்பட விழாவில் 2016ஆம் ஆண்டின் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. 'கெட்ட' என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் தமிழ் நாவில் திரிந்ததே அத்தலைப்பு. இப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்க்கு, ஒரு தெரு தன் பெயரையே சொல்லிக்கொண்டு திரையில் வருவது எவ்வளவு அரிய செயல் என்பது விளங்கும்.

கெல்லி மாளிகைக்குச் சற்றுத் தள்ளி உள்ள மாரியம்மன் கோயில், வெளியார் ஊருக்கு வேடம் கட்டும் வழக்கத்துக்கு மாறான சான்று. கட்டட வேலையில் இருந்த தொழிலாளர் பலர் கொள்ளைநோயில் மாண்டபின், எஞ்சியோரின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கெல்லி ஸ்மித் கட்டித்தந்தது இக்கோயில். அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடையும் வெயில்தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். அவர் கெல்லி ஸ்மித்தே என்பது மரபு. வெளியார் வந்து இவ்வூருக்கு வேடம் கட்டியது 1999இல். இவ்வூர்க் கூலிகளோ அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வெள்ளைக்காரர்க்கு வேடம் கட்டி, வசனம் ஏதுமின்றி, கோபுரக் கூட்டத்தில் துணைப் பாத்திரமாக நிறுத்திவிட்டனர்.

இவ்வாறு சில ஆண்டுகள் திரட்டிய காட்சிகளைத் தொகுத்து, இடவேட்டையர் பதினோரு நிமிடப் படம் ஒன்றை உருவாக்கி, தம் வீட்டுக் கூடத்தில் உறவினர்க்குத் திரையிட்டார். சயாமும் ஹாங்காங்கும் வந்துபோயின. முறுக்குத் தட்டும் அவ்வாறே வந்துபோயிற்று. இறுதியில், தொகுப்பில் நேர்ந்த கவனக்குறைவால், கருவியை அணைக்க மறந்த ஒரு காலையின் பதிவும் சேர்ந்து ஓடியது: சிம்பாங் பூலாய் ஒட்டுக்கடையில் மேசைமேல் மல்லாந்து கிடந்த கைப்பேசி கண்ட கூரைத்தகடும், சுழலும் விசிறியும், கேமரன் மலைக்கு ஏறும் வாகனங்களின் இரைச்சலும், "அண்ணே, பசியாறியாச்சா? தே தாரிக் கொறச்ச சீனிதானே?" என்னும் குரலும். கோணம் இல்லை, பொருத்தம் இல்லை, ஒப்பிட வேறொரு சட்டகமும் இல்லை. அதுவரை கைப்பேசியில் ஆழ்ந்திருந்த மைத்துனர் நிமிர்ந்து, "இது நம்ம சந்திக் கடைல்ல!" என்றார், கூடத்தில் இருந்தோர் அனைவரும் அப்போதுதான் திரையை நோக்கினர். பின்னர் அப்பகுதியை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.