நடுத்தர நகருக்குக் குடிபெயர்தலின் நன்மை தீமைகள்: திருச்சியை முன்வைத்து

நடுத்தர நகரம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆகவே இக்கட்டுரை மத்திய அரசின் வீட்டு வாடகைப்படி ஆணையை வேதவாக்காகக் கொள்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை இருந்தால் எக்ஸ் வகை. 5 லட்சத்திலிருந்து அதுவரை ஒய். அதற்கும் கீழே இசட். தமிழ்நாட்டில் சென்னை மட்டும் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு எல்லாம் ஒய். எக்ஸ் நகரத்து ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் வாடகைப்படி, ஒய் நகரத்தாருக்கு 20. ஆக, சென்னையை விட்டுத் திருச்சிக்கு வந்தால் குடியிருக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அரசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே போகிறது என்பதே நம் ஆய்வுச் சிக்கல். அது மிச்சப்பட்டதாக இதுவரை எந்தக் குடும்பத்திலிருந்தும் தகவல் இல்லை.

முதலில் முன்னோடிகளைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். திருமலை நாயக்கர் திரும்பவும் மதுரைக்கே போனார். காரணம் சளித்தொல்லை என்கிறது மரபுக்கதை. வைத்தியர்கள் கைவிட்ட சளி, மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்து மதுரைக்குக் குடிவரச் சொன்ன பிறகு தீர்ந்ததாம். 'க்ளைமேட் ஒத்துக்கல' என்று வீட்டைக் காலி செய்வோருக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் கிடையாது. பேரன் சொக்கநாத நாயக்கருக்கு அந்தச் சளி இல்லை போலும். அவர் மறுபடி திருச்சிக்கே வந்தார். வரும்போது தாத்தா கட்டிய மகாலில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். வீடு மாறும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களைக் குறை சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். 1980களில் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும் யோசனையில் இருந்தார். அது நிறைவேறியிருந்தால் திருச்சி எக்ஸ் ஆகியிருக்கும். இக்கட்டுரையும் அமைதி தேடிச் சென்னைக்குக் குடிபெயர்வதைப் பற்றியதாக இருந்திருக்கும்.

நன்மைகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம், ஏனென்றால் அவை உண்மையானவை. 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. திருச்சிக்குத் தண்ணீர் காவிரியிலிருந்தும் கொள்ளிடத்திலிருந்தும் வருகிறது. 2016 தூய்மைக் கணக்கெடுப்பில் மைசூரு, சண்டிகருக்கு அடுத்த இடம் திருச்சிக்கு. கடற்கரை இல்லாத குறைக்குக் காவிரிப் பாலம் இருக்கிறது: சாயங்காலம் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு காற்று வாங்கலாம். கீழே தண்ணீர் ஓடுகிறதா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. மே மாத வெயிலும் வராது.

நான்காவது நன்மை, எங்கும் சீக்கிரம் போய்விடலாம் என்பது. இதில்தான் ஆய்வாளர் பலர் ஏமாந்திருக்கிறார்கள். சென்னையில் மேடவாக்கத்திலிருந்து வடபழனியில் ஒரு ரிசப்ஷனுக்குப் போகாமல் இருக்க 'டிராபிக்ல மாட்டிக்கிட்டோம்' என்ற ஒரு வரி போதும்; அழைத்தவரும் அதே டிராபிக்கில் மாட்டியவர்தான், நம்புவார். மொய்யை ஃபோனிலேயே அனுப்பிவிடலாம். திருச்சியில் தில்லைநகரில் குடியிருந்துகொண்டு உறையூர் மண்டபத்துக்கு அப்படிச் சொன்னால், 'நடந்தே வந்துடலாமே' என்பார்கள். ஆகவே ரிசப்ஷனுக்கும் போக வேண்டும், மறுநாள் முகூர்த்தத்துக்கும் போக வேண்டும். பயணத்தில் மிச்சமான நேரம் மொத்தமும் பந்தியில் போய்விடுகிறது.

இனி மையக் கருத்துக்கு வருவோம். திருச்சி ஜங்ஷனில் சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை என ஐந்து திசைத் தண்டவாளங்கள் கூடுகின்றன. தமிழ்நாட்டில் எந்த உறவினர் எங்கே போனாலும் திருச்சியைத் தாண்டாமல் போவது கடினம். நம் வீட்டைத் தாண்டிப் போவது மரியாதையும் இல்லை. இவர்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கோயில் வகை. விடியற்காலை நாலே காலுக்கு ஃபோன் அடிக்கும். "மாப்ள, வண்டி லால்குடி தாண்டிடுச்சு. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வேணாம். குளிச்சிட்டு ஒரு காபியக் குடிச்சிட்டுக் கிளம்பிடுறோம்." அந்த 'ஒரு காபி'யில் ஏழு பேர் அடக்கம். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம் என்று கிளம்புவார்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவதால் சாப்பாட்டுக்குத் திரும்புவார்கள். வெயில் தாழ மலைக்கோட்டை. ராத்திரி ரயிலுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பது செலவுக் கணக்கில் சேரும்.

இரண்டாவது, ஏர்போர்ட் வகை. 2024இல் புது முனையம் வந்த பிறகு இவ்வகை ஊக்கம் பெற்றுள்ளது. சிங்கப்பூர் போகிறவர் ஒருவர். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். முந்தின நாள் இரவே வந்து ஹாலில் பாய் விரித்துவிடுவார்கள். டிக்கெட்டில் 30 கிலோ என்றிருக்கும். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுவார். அப்புறம் பெட்டியில்லாமல் ஏறுவார். குடும்பமே கழித்தல் கணக்குப் போடும். நாலு கிலோ கூடுதல் என்று முடிவாகும். பெட்டியைப் பிரித்து எள்ளுப்பொடி, வடாம், மணப்பாறை முறுக்கு, மாவடு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். "இது இங்கயே இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்பார் சித்தி. குடிபெயர்ந்தவருக்குக் கிடைக்கும் நேரடி வருவாய் இது ஒன்றுதான். காணாமல்போன வாடகைப்படியில் ஒரு சிறு பகுதி மாவடுவாகத் திரும்புகிறது.

ஊருக்கு வெளியே தள்ளி வீடு பார்த்தால் என்ன என்று மறுதரப்பினர் கேட்பதுண்டு. அப்படி நினைத்துப் பஞ்சப்பூர்ப் பக்கம் போனவர்கள் இருக்கிறார்கள். 2025இல் புதிய பேருந்து முனையத்தை அங்கேயே திறந்துவிட்டார்கள்.

ஆகவே எட்டாவது ஊதியக் குழுவின் பரிசீலனைக்கு: ஜங்ஷன் உள்ள ஒய் நகரங்களில் வாடகைப்படியோடு விருந்தோம்பல் படியும் சேர்த்து வழங்க வேண்டும். விகிதம், ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்துக்குத் தலைகீழாக அமைய வேண்டும். வைகுண்ட ஏகாதசி மாதத்தில் இரட்டிப்பு. ஏர்போர்ட் பக்கம் குடியிருப்போருக்கு எடை மிஷினை அரசே வாங்கித் தர வேண்டும், சித்தப்பாவும் பெட்டியும் சேர்ந்து ஏறினாலும் தாங்குகிற மாதிரி.