பென்ஸ் லாரியின் ரோக நிதானம்

மனிதனுடைய வியாதிகளுக்குச் சரகரும் சுசுருதரும் சம்ஹிதைகள் இயற்றி வைத்தார்கள். குதிரைக்குச் சாலிஹோத்திரரும் யானைக்குப் பாலகாப்பியரும் வைத்திய நூல் செய்ததாகப் பெரியோர் சொல்லி வந்தார்கள். ஆனால், 1868-ல் எழுந்து, 1927-ல் விரிவடைந்து மகாத்மாவின் திருநாமம் பெற்ற திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில், இரவெல்லாம் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு, பொழுது விடிவதற்குள் வெளியேறியாக வேண்டிய தருணத்தில், அசையமாட்டேன் என்று நிற்கும் ஒரு கிழட்டு லாரிக்கு இன்ன வியாதி என்று நிர்ணயிக்க ஒரு சூத்திரமும் நம்மிடம் இல்லை. அக்குறையை இயன்றமட்டும் நீக்குவதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

முதலில் நோயாளியின் கோத்திரம். டாடா கம்பெனியார் 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கினர். 1969-ல் ஒப்பந்தம் முடிந்து முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போயிற்று. என்றாலும், அந்த மூக்கு நீண்ட வண்டிக்கு நம்மவர் வாயில் ‘பென்ஸ்’ என்ற பெயர் போகவில்லை. ஆறு சிலிண்டர், டீசல் எஞ்சின், அசாத்தியப் பிடிவாதம் என்பவை அதன் லக்ஷணங்கள். இவற்றில் ஆறு சிலிண்டர் என்பதைப் படிப்பவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னால் உபயோகப்படும்.

இந்நோயாளியிடம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை இரண்டு அவயவங்கள்: செல்ஃப் மோட்டார் ஒன்று, கிளட்ச் ஒன்று. செல்ஃப் என்பது கைப்பிடி போட்டுச் சுற்றி, எஞ்சின் திருப்பி உதைத்ததில் மணிக்கட்டை முறித்துக்கொண்ட ஒரு தலைமுறையின் சாபத்துக்குக் கிடைத்த விமோசனம். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அதை உருவாக்க, 1912-ஆம் வருஷத்து காடிலாக் கார் முதன்முதலில் அதை ஏற்றுக்கொண்டது. அந்த விமோசனமே காந்தி மார்க்கெட்டில் புதிய சாபமாக முளைக்கிறது.

“அண்ணே, செல்ஃப் எடுக்கலண்ணே!” என்பது கிளீனரின் குரல். அதைக் கேட்ட மாத்திரத்தில் பாட்டரியை நிந்திப்பது பாமரர் வழக்கம். சாஸ்திரம் அறிந்தவன் ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, அதன் பிறகு செல்ஃப் அடிக்கச் சொல்வான். விளக்கு மங்கிச் செத்துப்போனால் பாட்டரியில் பலமில்லை, அல்லது டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கிறது; டீக்கடையில் ஒரு செம்பு வெந்நீர் வாங்கி ஊற்றித் துடைத்து முறுக்கினால் பாதிக் கேஸ்கள் அங்கேயே தீரும். விளக்கு சற்றும் மங்காமல், செல்ஃபும் மௌனமாக இருந்தால், மின்சாரம் அதுவரை போய்ச் சேரவே இல்லை என்பது ஸ்பஷ்டம். “தட்டுடா!” என்று டிரைவர் சொல்ல, கிளீனர் வண்டிக்கடியில் படுத்து, ஸ்பானரின் முதுகால் மோட்டாரின் மேல் இரண்டு தட்டுத் தட்டுகிறான், அது உயிர் பெறுகிறது. பார்ப்பவர் இதை மந்திரவாதம் என்பர். உண்மையில், தேய்ந்து கட்டையாகிப்போன கார்பன் பிரஷ் தன் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. தட்டிய அதிர்ச்சியில் இறங்கி, ஆர்மேச்சரைத் தொட்டது, அவ்வளவே. நாளைக்கும் தட்ட வேண்டியிருக்கும்; நாளன்றைக்குத் தட்டினாலும் எழுந்திருக்காது.

மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால் விவகாரம் சற்று ஆழமானது. மேலே மனத்தில் இருத்தச் சொன்ன ஆறு சிலிண்டர் இங்கே வந்து உதவுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது, அமுக்கப்பட்ட காற்று எதிர்த்துத் தள்ளுவதால், பிளைவீல் ஏறக்குறைய குறிப்பிட்ட மூன்று நிலைகளில் ஒன்றிலேயே வந்து நிற்கும். ஆகையால் செல்ஃபின் பல் வந்து கடிப்பதும் ரிங் கியரின் அந்த மூன்று இடங்களிலேதான். வருஷக்கணக்கில் அவை மட்டும் தேய்ந்து, மற்றப் பற்கள் புத்தம் புதிதாக இருக்கும். வண்டியைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஒரு சாண் அசைத்துவிட்டு, நியூட்ரலுக்கு வந்து மறுபடி செல்ஃப் அடித்தால் எடுக்கும். இந்த வித்தை தெரிந்த மெக்கானிக், ரிங் கியரைக் கழற்றி வேறு நிலையில் சூடேற்றி மாட்டிக் கொடுத்து, புதிய ரிங் கியரின் செலவை மிச்சம் பிடிப்பான். இத்தகையவனுக்கு நம் சர்வகலாசாலைகள் பட்டம் கொடுப்பதில்லை.

கிளட்ச் விஷயத்தில் நையாயிகர்களின் துணை நமக்கு வேண்டும். மலையில் புகை கண்டு அங்கே தீ உண்டென்று அனுமானிப்பது அவர்களுடைய பிரசித்தமான திருஷ்டாந்தம். மலைக்கோட்டையின் அடிவாரத்துக்கு அதிக தூரமில்லாத இம்மார்க்கெட்டிலோ, டிரைவரின் காலடியிலிருந்து கருகல் நாற்றமும் புகையும் எழுந்தால், கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று அனுமானிக்க வேண்டும். சந்தேகமுள்ளவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடட்டும்: எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பதிவிரதை, அணையாமல் ஓடினால் அதன் நடத்தையில் களங்கம் உண்டு. பிளேட் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் கசிந்து படிந்திருக்கலாம். இதற்கு எதிர்மறையான வியாதி, மிதித்தும் கிளட்ச் விலகாமல் கியர் ‘கரகர’வென்று அலறுவது.

இங்கே பூர்வாசிரியர்கள் எவரும் கவனியாத ஓர் உண்மையைப் பிரஸ்தாபிக்கிறேன். செல்ஃப் கெட்டால் வண்டியைத் தள்ள வேண்டும். தள்ளினால் இரண்டாவது கியரில் கிளட்சைப் பட்டென்று விட வேண்டும். விட விடக் கிளட்ச் கெடும். கிளட்ச் விலகாமல் போனால், கியரில் போட்டபடியே செல்ஃப் அடித்து வண்டியைக் கிளப்புவார்கள். ஒரு லாரியின் பாரத்தையே இழுத்த செல்ஃப் கெடும். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு அந்யோன்யாச்ரயம் என்று பெயர்; அங்கே அது வாதத்தின் தோஷம், இங்கே பட்டறைக்காரரின் வருமானம்.

தள்ளுவதைப் பற்றியும் இரண்டு சித்தாந்தங்கள் உள. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம்; பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்லும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்த இவ்விவாதம் இப்பால் மண்டிக்குள்ளும் நடக்கிறது. லாரி தன் முயற்சியால் கிளம்ப வேண்டும் என்பார் எலக்ட்ரீஷியன். மூட்டை தூக்கும் அண்ணன்மார் எட்டுப் பேரைச் சரணடைவதே உபாயம் என்பார் டிரைவர். 83 மீட்டர் உயர மலைக்கோட்டை பக்கத்திலேயே நின்றும், மார்க்கெட்டுக்குள் ஒரு லாரி உருண்டு ஸ்டார்ட் ஆகும் அளவுக்குச் சரிவு கிடையாதாகையால், நடைமுறையில் டிரைவர் கட்சியே ஜெயிக்கிறது.

தீர்ப்பு என் வரையில் இதுவே: குற்றவாளி செல்ஃபுமன்று, கிளட்சுமன்று, ஓட்டுகிறவர் ஓய்வாகக் கிளட்ச் பெடலின் மேல் சதா வைத்திருக்கும் இடது கால். அந்தப் பாதத்தின் லேசான பாரத்தால் பேரிங் ஓயாமல் தேய்கிறது, பிளேட் அரைகுறையாகப் பிடித்து வேகிறது. அதன்பின் மேற்சொன்ன சக்கரம் சுழலத் தொடங்குகிறது. பெடலில் ஓர் அங்குல அளவுக்கு ஃப்ரீ பிளே இருக்கட்டும், கால் கீழே இருக்கட்டும்.

விடியற்காலையில் பையோடு மார்க்கெட்டுக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். “சார், ஒரு கை போடுங்க” என்று கிளீனர் கூப்பிட்டால் தயங்காதீர்கள். பின் பலகையைப் பிடித்துத் தள்ளுங்கள், சக்கரத்தருகே வேண்டாம். எஞ்சின் பிடித்ததும் சட்டென்று ஒதுங்கிவிடுங்கள், அந்தப் புகை வெள்ளை வேட்டியில் படிந்தால் எந்த வெளுப்புக்கும் போகாது.